சாமியா, ஆசாமியா? ‘மர்மதேசம்’ ரசிகர்களை இன்னும் ‘விடாத’ கருப்பு: முழு விளக்கம்

இருட்டில் குதிரைக் குளம்பொலி, கையில் வீச்சரிவாள். 1990களில் சன் டிவி பார்த்து வளர்ந்தவங்ககிட்ட இந்த இரண்டையும் சொன்னா போதும், ‘விடாது கருப்பு’ன்னு உடனே பதில் வரும். அந்த சீரியல் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கதையை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனும் 2024 நவம்பர் 10-ம் தேதி மதுரையில் காலமாகிவிட்டார். ஆனால் ரசிகர்கள் மட்டும் அந்தக் கதையை விடவே இல்லை. யூடியூபில் பழைய எபிசோடுகளை மறுபடி பார்க்கிறார்கள், நாவலைத் தேடி வாங்குகிறார்கள், ‘திரும்ப எடுங்க’ என்று கேட்கிறார்கள்.

ஒரு பழைய சீரியல் மீது இவ்வளவு ஆர்வம் ஏன்? வெறும் பேய்க்கதை ஆசைதானா? விரிவாகப் பார்க்கலாம்.

மர்மதேசம் என்றால் என்ன?

இது ஒரே கதை அல்ல. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ணரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என ஐந்து தனித்தனி கதைகள் கொண்ட தொடர் வரிசை. இயக்குநர் கே.பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தயாரித்தது. மிகவும் பேசப்பட்ட ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டையும் இயக்கியவர் நாகா. இந்த இரண்டும் 1990களில் சன் டிவியில் ஒளிபரப்பாகின.

‘விடாது கருப்பு’ சீரியலுக்கு மூலம், இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல். இதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் நிஜ வாழ்க்கையிலும் தம்பதி ஆனார்கள்.

எழுத்தாளரின் இயற்பெயர் சௌந்தர்ராஜன். 1958-ல் பிறந்தவர். வார இதழ் தொடர்கதை, மாத நாவல், டிவி, சினிமா, ஆன்மிகச் சொற்பொழிவு என எல்லாப் பக்கமும் இயங்கியவர். கோயில், சித்தர், மூலிகை, ஜோதிடம், ஜமீன் சாபம் இதெல்லாம்தான் அவருடைய களம்.

‘அர்பன் ஃபேன்டஸி’யும் இதுவும் ஒண்ணா?

இன்றைய நகரம், இன்றைய மனிதர்கள், அவர்களுக்கு நடுவில் மாயம் அல்லது அமானுஷ்யம். இப்படி அமையும் கதைகளைத்தான் ஆங்கிலப் பதிப்புலகம் ‘அர்பன் ஃபேன்டஸி’ என்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜிம் புட்சரின் ‘தி டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். சிகாகோ நகரத்தில் துப்பறியும் வேலை பார்க்கும் ஒரு மந்திரவாதியின் கதை அது. முதல் நாவல் 2000-ல் வந்தது. 2007-ல் டிவி தொடராகவும் வந்து, 12 எபிசோடுகளோடு நின்றுபோனது. ஆனால் புத்தக வரிசை நிற்கவில்லை, ரசிகர்களும் குறையவில்லை. சார்லைன் ஹாரிஸின் ரத்தக்காட்டேரி நாவல்களை வைத்து எடுத்த ‘ட்ரூ பிளட்’ தொடருக்கு வேறு அதிர்ஷ்டம். 2008 முதல் 2014 வரை 7 சீசன் ஓடியது.

மர்மதேசமும் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடை இல்லை. முக்கிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிரெஸ்டன் கதையில் மந்திரம் நிஜம். முதல் பக்கத்திலேயே வாசகர் அதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மர்மதேசத்தில் அப்படி இல்லை. நடப்பது தெய்வச் செயலா, மனிதச் சதியா என்பதே கதை. அதாவது, சாமியா, ஆசாமியா?

‘ரகசியம்’ கதையையே எடுத்துக்கொள்ளலாம். பைரவர் காவல் காக்கும் ஒரு கோயில். இருட்டிய பிறகு உள்ளே இருந்தால் நாய் கடித்துக் குதறிவிடும் என்று ஊர் நம்புகிறது. அங்கே நவபாஷாண லிங்கம் இருப்பதாகவும் பேச்சு. நவபாஷாணம் எழுத்தாளரின் கற்பனை அல்ல. பழனி முருகன் சிலையை ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் போகர் செய்தார் என்பது தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருக்கும் நம்பிக்கை. ஊருக்கே தெரிந்த ஒரு நம்பிக்கையை எடுத்து, அதற்குள் சந்தேகப்படும் ஒருவரை அனுப்பி வைப்பதுதான் இந்திரா சௌந்தர்ராஜனின் ஃபார்முலா.

கருப்பு ஏன் இவ்வளவு பயமுறுத்தினார்?

கருப்பசாமி பலருக்குக் குலதெய்வம், ஊருக்குக் காவல் தெய்வம். அதோடு, கிராமத்து நீதிமன்றமும் அவரே. மதுரை அழகர்கோயிலில் இருக்கும் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதி இதற்குப் பேர்போனது. கடன் தகராறு, திருட்டுப் புகார் என்று வந்தால் அந்தப் படியில் சத்தியம் செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. பொய் சத்தியம் செய்தவரைக் கருப்பு சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை.

சீரியல் கையில் எடுத்தது இதைத்தான். ஊரில் தப்பு செய்பவர்கள் ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். போலீஸ் வருவதற்கு முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பார்ப்பவருக்குப் பயம் ஒரு பக்கம், ‘இவனுக்கு இது வேணும்’ என்ற திருப்தி இன்னொரு பக்கம். கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, ராத்திரியோடு ராத்திரியாக வந்து கணக்குத் தீர்க்கும் ஒரு நீதிபதியைப் பிடிக்காமல் போகுமா?

நாவலில் இருந்து டிவிக்கு வரும்போது என்ன மாறியது?

நாவலை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். சீரியலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு எபிசோடு என்பதால், ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி ஏழு நாள் வீட்டில், பள்ளிக்கூடத்தில், டீக்கடையில் சுற்றியது. ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னார்கள். இன்று ‘ஃபேன் தியரி’ என்று சொல்கிறோமே, அது அன்றைக்கே வாய்வழியாக நடந்தது.

இன்னொரு மாற்றம், கதை சொன்ன முறை. சின்ன வயசுக் காலத்தையும் நிகழ்காலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார் நாகா. பழைய காலத்தில் விழுந்த முடிச்சு, இப்போது நடக்கும் மரணத்துக்குத் துப்பாக மாறும். அப்போதைய டிவி ரசிகர்களுக்கு இது புதுசு.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் வந்து, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குப் பெரிய ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது இதற்கு முன்னோடி. நாவலைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்த காலம் அது.

பிறகு ஏன் இந்த மாதிரி தொடர்கள் குறைந்தன? 1999 கடைசியில் ‘சித்தி’ வந்து ஜெயித்த பிறகு, தினசரி மெகா சீரியல்களின் காலம் சூடுபிடித்தது. வாரத்துக்கு ஐந்து எபிசோடு கொடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்குள் செட் போட்டு எடுப்பதுதான் கட்டுப்படியாகும். காடு, மலை, ராத்திரி ஷூட்டிங் எல்லாம் கைக்கு அடங்காது. இருந்தாலும் நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் 2000களின் நடுவில், நாடி ஜோதிடத்தை மையமாக வைத்து ‘சிதம்பர ரகசியம்’ தொடரில் மீண்டும் இணைந்தார்கள்.

முடிவைப் பற்றி ரசிகர்கள் ஏன் இரண்டு கட்சி?

ஸ்பாய்லர் எச்சரிக்கை: இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் ‘விடாது கருப்பு’ கடைசியில் மனநல மருத்துவத்திடம்தான் போய் நிற்கிறது. பிளவு ஆளுமை, அதாவது ஒரே ஆளுக்குள் இன்னொரு ஆளுமை இயங்குவது. 2005-ல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’னும் இதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது பலருக்கும் ஆச்சரியமாக இருந்தது. மர்மதேசம் ரசிகர்களோ, ‘இதை நாங்க அப்பவே வீட்ல பாத்துட்டோம்’ என்று காலரைத் தூக்கிவிட்டார்கள்.

இங்குதான் கட்சி பிரிகிறது. ‘எல்லாத்துக்கும் டாக்டர்கிட்ட பதில் இருக்குன்னு சொன்ன பகுத்தறிவு சீரியல் அது’ என்பது ஒரு தரப்பு. ‘அந்தப் பதிலுக்குப் பிறகும் சாமிக்கு ஒரு இடம் மிச்சம் வைத்த பக்தி சீரியல்’ என்பது இன்னொரு தரப்பு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கதை டாக்டரையும் கேலி செய்யவில்லை, பூசாரியையும் கேலி செய்யவில்லை. கோயிலுக்குப் போகும் அம்மாவும், அதெல்லாம் சும்மா என்று சொல்லும் மகனும் சண்டை போடாமல் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

டிவிக்கு வெளியே இது ஏன் முக்கியம்?

ஏனென்றால், ‘சாமியா, நோயா?’ என்ற கேள்வி பல வீடுகளில் நிஜமாகவே எழும் கேள்வி. ஒருவர் திடீரென்று வேறு குரலில் பேசினால், தூங்காமல் புலம்பினால், ‘காத்து கருப்பு அடிச்சிருக்கு’ என்று முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போவது இன்றும் நடக்கிறது. அதில் ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் மருத்துவம் தள்ளிப்போனால் விலை பெரிது.

அந்த விலையைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், இப்படிப்பட்ட இடங்களில் என்ன நடக்கிறது என்று உச்ச நீதிமன்றம் வரை கேள்வி கேட்கப்பட்டது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். பிளவு ஆளுமை உள்ளவர் என்றாலே அரிவாள் எடுப்பார் என்பது கதைக்காகக் கூட்டிச் சொன்னது. நிஜத்தில் இது அரிதான பாதிப்பு. சின்ன வயதில் அனுபவித்த கடுமையான கொடுமைகளோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்களால் மற்றவர்களுக்கு வரும் ஆபத்தைவிட, அவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் ஆபத்துதான் அதிகம். வீட்டில் யாருக்காவது மனநலப் பிரச்சினை என்று தோன்றினால், அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மறுபடி எடுக்க முடியுமா?

தொழில்நுட்பம் தடையே இல்லை. கதைக்கும் பஞ்சமில்லை. உதாரணத்துக்கு, சென்னையின் வடக்கு ஓரத்தையே பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மீஞ்சூர், அங்கிருந்து பொன்னேரி வழியாக பஸ்ஸில் பழவேற்காடு. ஒரு பக்கம் துறைமுகமும் அனல்மின் நிலையமும். இன்னொரு பக்கம், சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613-ல் எழும்பிய டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மூடிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் இன்னும் நிற்கின்றன.

இங்குள்ள மீனவ கிராமங்களில், ஏரியில் யார், எந்த இடத்தில், எப்போது வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக உண்டு. இப்போது மர்மதேசம் ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள். பாட்டை மீறி ராத்திரியில் வலை போட்டவரின் படகு, விடியும்போது ஆளில்லாமல் கரை ஒதுங்குகிறது. ‘எல்லைச்சாமி கேட்டுடுச்சு’ என்கிறது ஊர். அனல்மின் நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர் மட்டும் நம்பவில்லை. முதல் எபிசோடு தயார்!

ஆனால் ரசிகர்களின் பயம் வேறு. கிராஃபிக்ஸ் குதிரையும் காது கிழியும் சத்தமும் வந்து, ‘சாமியா, ஆசாமியா?’ என்ற கேள்வி காணாமல் போய்விடுமோ என்பதுதான். முதல் எபிசோடிலேயே பேய் என்று சொல்லிவிட்டால் அது வெறும் பேய்ப்படம். எல்லாமே மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டால் அது பாடம். கடைசி வரை இரண்டு பதிலுக்கும் மரியாதை கொடுத்ததால்தான் அது மர்மதேசம்.

எங்கே பார்க்கலாம், எங்கே படிக்கலாம்?

‘விடாது கருப்பு’ எபிசோடுகள் கவிதாலயாவின் யூடியூப் சேனலில் இருக்கின்றன. ‘விட்டுவிடு கருப்பா’ நாவலைப் புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். புதிதாக வருபவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் சீரியல், பிறகு நாவல். முடிவு தெரிந்த பிறகும் நாவல் பயமுறுத்துகிறதா என்று பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவு செய்யுங்கள்.