முனையத் திரையில் தமிழ்: மின்னஞ்சற் சிதைவுகள் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோர் பலருக்குத் தனி முகவரி இல்லாமையும், அவர்களுக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியே கைமாறுவதும் நெடுங்காலக் குறைபாடுகளாகும். மின்னஞ்சல் இத்தடையைத் தாண்டவல்லது. ஆயின், வந்துசேர்ந்த மடல் திரையிற் சிதைந்து தோன்றுமாயின், படிப்போர் அதனைப் பழுதுற்றதெனத் தள்ளிவிடுவர்; எழுதுவோர் அடுத்த முறை உரோம எழுத்தில் தமிழை எழுதத் தலைப்படுவர். இச்சிதைவின் காரணத்தையும் அதனைக் கண்டறியும் முறையையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

'மட்', 'அல்பைன்' முதலிய மின்னஞ்சல் நிரல்கள் படங்களின்றி எழுத்துகளால் மட்டும் இயங்குவன. பழைய கணினியும் மெதுவான இணைப்புமே இவற்றுக்குப் போதும். எனவே வசதி குறைந்த இடங்களில் இவற்றின் பயன் பெரிது. இவற்றின் திரையமைப்பு, 1978இல் வெளிவந்த வி.ரி. 100 போன்ற முனையங்களின் மரபைப் பின்பற்றுவது. திரைக்கு 24 வரிகள், வரிக்கு 80 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதே அம்மரபு. உரோம எழுத்துக்கு இயல்பாகப் பொருந்தும் இக்கணக்கு தமிழுக்கு அவ்வாறு பொருந்துவதில்லை.

பசறை என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது மூன்றெழுத்துச் சொல். யுனிகோட் முறையிலோ ப, ச, ற, ஐகாரக் குறி என நான்கு குறியீடுகள். யூ.ரி.எப். 8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்றுகள். ஆக 12 பைற்றுகள். 'தோட்டம்' என்பது நான்கு எழுத்து, ஏழு குறியீடு, 21 பைற்று. அச்சொல் திரையில் எத்தனை கட்டங்களை நிரப்பும்? புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அகலம் இல்லையென்றும், ஏனைய உயிர்க்குறிகளுக்கு ஒரு கட்டம் என்றும் கொள்வது பரவலான ஒரு கணக்கு. அதன்படி ஐந்து கட்டங்கள். எழுத்தையே அலகாகக் கொண்டால் நான்கு. நிரல் ஒரு கணக்கையும் முனையம் வேறொரு கணக்கையும் பின்பற்றும்போது, நிரல் கருதும் இடத்தில் சுட்டி நிற்பதில்லை. முந்திய வரியின் எச்சம் அழியாது எஞ்சுகின்றது, நிரல்கள் கோணுகின்றன. சிதைவின் மூலம் பெரும்பாலும் இதுவே.

இச்சிக்கல் புதியதன்று. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா போன்ற முன்னோடிகள் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி மரபில், தாள்வண்டியை நகர்த்தாத விசைகள் புள்ளி முதலிய குறிகளுக்கென அமைந்தமை நோக்கற்பாலது. அகலமற்ற குறி என்று இன்று கணினியிற் கூறப்படுவதை அன்று இரும்பிலேயே செய்து காட்டினர்.

இனி, குறையைக் கண்டறியும் ஒழுங்கினைக் காண்போம். முதலில் கட்டுப்பாட்டு விசையுடன் 'எல்' விசையை அழுத்தித் திரையை மீள வரையச் செய்தல் வேண்டும். உரு சீரானால் மடலிற் பழுதில்லை. கட்டக் கணக்கின் முரண்பாடே காரணம் எனத் துணியலாம்.

தமிழுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளோ, 340, 256, 252 போன்ற எண்களோ தோன்றினால், மொழிச்சூழல் அமைப்பை நோக்கவேண்டும். இம்மூன்று எண்களும் எண்ம முறையில் 'ப' என்னும் எழுத்தின் பைற்றுகளே. எழுத்து அங்கேயே உள்ளது. நிரலுக்கு அதனை வாசிக்கச் சொல்லப்படவில்லை. எல்.ஏ.என்.ஜி. என்னும் மாறியில் யூ.ரி.எப். 8 குறிக்கப்படின் இக்குறை நீங்கும். தொலைக்கணினியில் நுழைந்து படிப்போர் அங்கும் இதனைச் சோதித்தல் அவசியம்.

கோடுகள் வரவேண்டிய இடத்தில் 'கியூ', 'எக்ஸ்' எழுத்துகள் வந்தால், முனைய வகையைக் கூறும் ரி.ஈ.ஆர்.எம். மாறி பொருந்தவில்லை என ஐயுறலாம். இவையெல்லாம் சரியாயிருந்தும் திரை குலையுமெனின், நிரல் பலபைற்று எழுத்துகளைக் கையாளும் 'என்கர்சஸ்' தொகுப்புடன் இணைக்கப்பட்டதா என ஆராயவேண்டும்.

ஐகாரக் குறி றகரத்தின் முன்னின்றி அதன் பின்னே தோன்றுமாயின் குறை முனையத்தினது. அஞ்சல் நிரலாற் செய்யத்தக்கது யாதுமில்லை. 'எம்எல்டெர்ம்' போன்ற, இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் முனையத்துக்கு மாறுவதே வழி. பாமினி எழுத்துருவிலமைந்த பழைய மடல்கள் உரோம எழுத்துக் குவியலாய்த் தோன்றுதல் வேறொரு பிரச்சினை. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றியே படிக்கலாம்.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. திரையிற் குலைந்த எழுத்து பெரும்பாலும் மடலிற் குலைவதில்லை. இதனை அறியாது, பொறிக்கு இசையும்படி ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் திருத்தி எழுதினால், அத்திருத்தமே பதிவேட்டில் நிலைத்துவிடும். பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்து பிழைத்தமையால் அலைந்து திரிய நேர்ந்தோரை மலையகம் நன்கறியும். ஆதலின் திருத்தவேண்டியது பொறியின் கணக்கையே அன்றித் தமிழின் எழுத்தை அன்று.