ஒளி மின்சாரமாகும் பத்து நானோமீட்டர்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மங்குகளில் சேகரித்த பால்மரப் பாலில் இருப்பது பாலிஐசோப்ரீன் என்னும் பாலிமர், அதாவது சிறு அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலி மூலக்கூறு. அச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் விலகி விலகி நிற்பதால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்த பாலிமர்களில் எலெக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவ முடிகிறது. அவற்றைக் கடத்திகளாக்கலாம் எனக் காட்டிய ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா ஆகிய மூவரும் 2000-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

அலோர் காஜா மாவட்டத்து ரெம்பியாவில் சன்பவர் நிறுவனம் அமைத்த ஆலை தயாரித்த சிலிக்கான் சூரிய மின்கலங்களில், ஒளி பட்டதும் எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமாகிய துளையும் எளிதில் பிரிந்துவிடுகின்றன. மேற்சொன்ன கடத்தும் வகைப் பாலிமரால் செய்த சூரிய மின்கலத்திலோ அவை இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிய இணையாக, எக்ஸைட்டானாக, ஏறக்குறைய பத்து நானோமீட்டர் தொலைவு மட்டுமே நகர்ந்து, அதற்குள் எலெக்ட்ரானை ஏற்கும் வேறொரு பொருளின் எல்லையை எட்டாவிட்டால் அழிந்துபோகின்றன. ஆயினும் வெயிலைப் போதிய அளவு உறிஞ்ச, படலம் சுமார் நூறு நானோமீட்டர் தடிமனாவது இருக்கவேண்டும்.

இம்முரணை ஹீகர் குழுவினர் 1995-இல் நேர்த்தியாகத் தீர்த்தனர். பாலிமரையும், கரி அணுக்கள் பந்துபோல் கூடிய ஃபுல்லரீனையும் ஒரே கரைசலில் கலந்து படலமாக்கினால், இரண்டும் ஒன்றனுள் ஒன்று பின்னிக்கொள்வதால், எக்ஸைட்டான் எங்கே பிறந்தாலும் அருகிலேயே எல்லை கிடைக்கிறது. அதற்காக அளவுக்கு மீறி நுண்மையாகக் கலப்பதும் தவறு; பிரிந்த மின்னூட்டங்கள் மின்முனைவரை செல்லத் தொடர்ச்சியான பாதை இல்லாமல் மீண்டும் சேர்ந்து வீணாகின்றன.

எனவே பொருள் எது என்பதோடு, அது எப்படி உறைகிறது என்பதும் ஒளியை மின்சாரமாக்கும் திறனைத் தீர்மானிக்கிறது. தோட்டத்துப் பாலில் ஃபார்மிக் அமிலத்தைச் சேர்க்கும் அளவும் பதமும் ரப்பர் தகட்டின் தரத்தைத் தீர்மானிப்பது போன்றதே இது. கரைப்பான் மெதுவாக ஆவியானால் பாலிமர்ச் சங்கிலிகள் ஒழுங்கான அடுக்காக அமையப் போதிய நேரம் கிடைக்கிறது. பாலிதயோஃபீன் வகைப் பாலிமர் கலந்த மின்கலத்தை 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, அதன் உட்கட்டமைப்பைச் சீராக்கியதால் திறன் 5 விழுக்காட்டை நெருங்கியதாக 2005-இல் அறிவிக்கப்பட்டது. ஃபுல்லரீனுக்கு மாற்றாக 2019-இல் அறிமுகமான ஒய்6 என்னும் மூலக்கூறு 15 விழுக்காட்டைத் தாண்ட உதவியது.

திறனைவிடக் கடினமான சிக்கல் நிலைப்பே. மலாக்கா போன்ற வெப்பமண்டலப் பகுதியின் வெயிலில் நாளெல்லாம் சூடேறும் படலத்தில், ஃபுல்லரீன் மூலக்கூறுகள் மெல்ல இடம்பெயர்ந்து பெருந்திரள்களாகக் கூடக்கூட, பின்னலின் இடைவெளி பத்து நானோமீட்டரைக் கடந்து, மின்கலத்தின் திறனும் குறையத் தொடங்குகிறது.