நெட்டையும் ஏறலாம்! குட்டையும் ஏறலாம்!

சுவர் ஏறும் விளையாட்டில் உடம்புக்கு ஏற்ற உத்திகள்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. பாரீஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி. பெண்கள் சுவர் ஏறும் இறுதிச் சுற்று.

ஜப்பான் நாட்டுப் பெண் அய் மோரி சுவர் முன் வந்து நின்றார். வயது 20. உயரம் 154 சென்டிமீட்டர். அதாவது, 5 அடிக்குச் சற்றே அதிகம்.

ஏறத் தொடங்க வேண்டிய முதல் பிடி அவருடைய தலைக்கு மேலே உயரத்தில் இருந்தது. கையை நீட்டினார். எட்டவில்லை. குதித்தார். பிடிக்க முடியவில்லை. மீண்டும் மீண்டும் குதித்தார். நேரம் முடிந்துவிட்டது.

அந்தச் சுவரில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம்!

"உயரம் குறைந்தவர்களுக்கு இந்த விளையாட்டு சரிப்படாதோ?" என்று யாருக்கும் தோன்றும். ஆனால், அன்றைக்கே அதற்குப் பதில் கிடைத்தது.

அடுத்து, கயிறு கட்டிக்கொண்டு உயரமான சுவரில் ஏறும் சுற்று நடந்தது. 8 பேர் ஏறினார்கள். அதில் அதிக மதிப்பெண் வாங்கியவர் அதே அய் மோரிதான்! நூற்றுக்கு 96.1. மொத்தத்தில் அவருக்கு 4-வது இடம் கிடைத்தது.

கூரைக்குக் கீழே ஒரு மலை

1964-ம் ஆண்டில் இங்கிலாந்தில் டான் ராபின்சன் என்பவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் நடைபாதைச் சுவரில் கற்களைப் பதித்தார். மலை ஏறுவோர் கட்டிடத்துக்குள்ளேயே பழகுவதற்காக அந்த ஏற்பாடு.

இன்று பல நாடுகளில் இதற்கென்றே பெரிய கூடங்கள் இருக்கின்றன. சுவர் முழுவதும் வண்ண வண்ணப் பிடிகள். கீழே தடித்த மெத்தை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கையால் தொங்கி, உடம்பை இழுக்கிறார்கள். சிறிது நேரத்தில் முன்கை கல்லாக இறுகிவிடுகிறது.

ஏணியில் ஏறுகிறவர் கையாலா உடம்பைத் தூக்குகிறார்? காலை ஊன்றி எழுகிறார். கை பிடித்துக்கொள்ள மட்டுமே. சுவருக்கும் அதே முறைதான். உடம்பு எப்படிப்பட்டதானாலும் இது பொது விதி.

உயரம் குறைந்தவர்கள்

கை எட்டாவிட்டால் காலை உயர்த்த வேண்டும். இடுப்பு உயரத்தில் உள்ள பிடியில் காலை வைத்து, அதன்மேல் எழுந்து நின்றால், மேலே உள்ள பிடி பக்கத்தில் வந்துவிடும்.

இன்னொரு வழி, உடம்பைத் திருப்புவது. வலது கையால் எட்ட வேண்டுமா? வலது இடுப்பைச் சுவரோடு ஒட்ட வேண்டும். அப்போது வலது தோள் முன்னே போகும். கை இன்னும் சற்று நீளும்.

அமெரிக்காவைச் சேர்ந்த லின் ஹில் என்ற பெண்ணின் உயரம் 157 சென்டிமீட்டர்தான். எல் காப்பிட்டன் மலையில் 'மூக்கு' என்று பெயர் பெற்ற செங்குத்தான பாதை உண்டு. உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். 1993-ல் அதில் தன் கை கால் பலத்தால் மட்டுமே ஏறினார். கயிறு விழாமல் காக்க மட்டும்! அதற்கு முன் எந்த ஆணும் பெண்ணும் அதைச் செய்ததில்லை.

அடுத்த ஆண்டு, அதே பாதையை 24 மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார்.

உயரமானவர்கள்

நெட்டையாக இருந்தால் எல்லாம் சுலபம் என்று எண்ணக் கூடாது. கைப்பிடியும் கால்பிடியும் நெருங்கி இருந்தால், நீண்ட கால்களை மடக்க இடம் இராது. முழங்கால் சுவரில் இடிக்கும். இடுப்பு வெளியே தள்ளும். எடை முழுவதும் விரல்களில் இறங்கும்.

இவர்கள் முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்பைச் சுவரோடு ஒட்ட வேண்டும். வயிற்றுத் தசைகளையும் உறுதியாக்க வேண்டும்.

செக் நாட்டு வீரர் ஆடம் ஓந்த்ராவின் உயரம் 185 சென்டிமீட்டருக்கு மேல். 2017-ல் நார்வேயில் ஒரு குகைக் கூரையில் அவர் ஏறிய பாதைதான், உலகிலேயே முதன் முதலில் '9சி' என்ற கடினத் தரம் பெற்றது. நடுவழியில் முழங்காலைப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு, கைகளுக்கு ஓய்வு கொடுத்தார்!

பருமனானவர்கள்

முன்புறம் சாய்ந்த சுவரில் தொடங்க வேண்டாம். நேரான சுவர் நல்லது. முழங்கையை மடக்காமல், கையை நீட்டியே பிடிக்க வேண்டும். பெரிய பிடி வந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

தசை சீக்கிரம் வலுவடையும். விரல் தசைநாணும் தசைநாரும் மெதுவாகத்தான் பலப்படும். அவசரப்பட்டால் விரலில் காயம்தான் மிஞ்சும். வளரும் பிள்ளைகள் விரல் நுனியில் தொங்கும் கடும் பயிற்சிகளைச் செய்யவே கூடாது.

பட்டினி வேண்டாம்!

எடை குறைந்தால் சுலபமாக ஏறலாம் என்று பட்டினி கிடக்கும் இளைஞர்கள் உண்டு. இது பெரிய ஆபத்து. எலும்பு பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்று போகலாம்.

இதைத் தடுக்க, சர்வதேசச் சுவர் ஏறும் சம்மேளனம் 2024-ம் ஆண்டுப் போட்டிகளுக்கு உடல்நலப் பரிசோதனை விதிகளைக் கொண்டுவந்தது. வயிறார உண்டு, காலால் ஏறப் பழகுவதே சரியான வழி.

சுலோவீனியா நாட்டு யான்யா கார்ன்பிரெட் 164 சென்டிமீட்டர் உயரம். நெட்டையும் அல்ல, குட்டையும் அல்ல. 2021-ல் டோக்கியோவிலும், 2024-ல் பாரீசிலும் தங்கப் பதக்கம் வென்றவர் அவரே.

சுவர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஏறும் வழிதான் ஆளுக்கு ஆள் வேறு!