முத்திரையில் ஒரு கோபுரம்

கொடியும் சின்னமும் மனிதன் கூட்டமாக வாழத் தொடங்கிய நாள்முதல் அவனோடு வருபவை. போர்க்களத்தில் தன்னவன் யார், மாற்றான் யார் என அறியக் கொடி வேண்டியிருந்தது. வந்த ஓலை அரசன் விடுத்ததுதானா எனத் தெளிய முத்திரை வேண்டியிருந்தது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. கொடி மட்டுமா? களம் புகும்போது சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்தியையும், பாண்டியர் வேம்பையும் சூடினர் என்று பழந்தமிழ் இலக்கியம் கூறும். சின்னத்தால் பேசும் கலை தமிழர்க்குப் புதிதன்று.

மன்னராட்சி மறைந்தது, மக்களாட்சி மலர்ந்தது. மன்னன் தன் குலத்துக்கு உரிய சின்னத்தைப் பொறித்தான். மக்களாட்சியிலோ சின்னம் அனைவர்க்கும் பொது. எல்லாச் சமயத்தாரும் எல்லா ஊராரும் ‘இது எம்முடையது’ என்று சொல்லத் தக்கதாக அது இருத்தல் வேண்டும். அத்தகைய சின்னம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிதா? நம் தமிழ்நாட்டு அரசின் முத்திரையையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

முத்திரையின் அமைப்பு

சாதிச் சான்றிதழில், வருமானச் சான்றிதழில், அரசாணையில் இம்முத்திரையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கண்டதுண்டு; உற்று நோக்கியவர் சிலரே. வட்ட வடிவான அதன் நடுவே வானளாவிய கோபுரம் ஒன்று நிற்கிறது. கோபுரத்தின் முன்னே அசோகரின் சிங்கத் தூண்முடி. அதன் இருபுறமும் மூவண்ணக் கொடிகள். மேலே ‘தமிழ்நாடு அரசு’ என்றும், கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்றும் எழுத்துகள்.

கொடி 1947 சூலை 22இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கொடி. தூண்முடி காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் கிடைத்தது. 1950 சனவரி 26இல் இந்தியக் குடியரசின் சின்னமாயிற்று. இவை இரண்டும் நாடு முழுமைக்கும் உரியவை. கோபுரமே நம் மண்ணின் பங்கு.

எந்தக் கோபுரம்?

இச்சின்னத்தை வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். அது உருவான 1948, 1949ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் முதலில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரும், அவருக்குப்பின் நம் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் பி. எஸ். குமாரசாமி ராஜாவும் இருந்தனர்.

முத்திரையில் உள்ளது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பெரும்பாலோர் நம்பிக்கை. வினாடி வினாப் போட்டிகளிலும் அதுவே விடை. ஆனால் ஓவியர் மனத்தில் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே என்று கூறுவாரும் உளர். ஓவியரே அவ்வாறு சொன்னதாகச் செய்தித்தாள்கள் எழுதியுள்ளன. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளைக் கொண்டது. சுதைச் சிற்பங்கள் மிகக் குறைந்தது. மதுரை மேலைக் கோபுரம் ஒன்பது நிலை, சிற்பங்கள் செறிந்தது. முத்திரையில் காண்பதோ சிற்பங்கள் இல்லாத எளிய கோட்டுருவம். திருவில்லிபுத்தூர்க் கட்சியினர்க்கு இது ஒரு சான்று. சிறு முத்திரைக்குள் சிற்பங்களை எவ்வாறு வரைவது என்பது மதுரைக் கட்சியினரின் மறுமொழி.

இவ்வழக்கில் நமக்கும் சிறிது ஆவல் உண்டு. ராஜபாளையம் வழியே வடக்கே பேருந்தில் சென்றால் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் தொலைவிலேயே தெரியும். அது தமிழகத்தின் முத்திரையில் நிற்கிறது என்று எண்ணும்போது நம் வட்டாரத்தார் பெருமை கொள்வது இயல்பே. ஆயினும் ஊர்ப் பெயர் எதனையும் முத்திரை பொறிக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. பெயரின்றி நிற்பதால் அது தஞ்சைக்காரருக்கும் திருவண்ணாமலைக்காரருக்கும் உரியதாகிறது. ஒன்பது நிலைக் கோபுரத்தை அன்றாடம் காணும் சங்கரன்கோவில் மக்களுக்கும் உரியதாகிறது.

கோயிலா, கலையா?

இதனினும் பெரிய வினா ஒன்று உண்டு. சமயச் சார்பற்ற அரசு ஒன்று கோயில் கோபுரத்தைத் தன் முத்திரையாகக் கொள்ளலாமா? பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் செல்வோரும், எங்கும் செல்லாதோரும் இந்நாட்டில் வாழ்கின்றனரே! இது வீண் வினா அன்று. கோபுரம் தமிழர் கட்டடக் கலையின் அடையாளமாகவே அங்கு நிற்கிறது என்பது இதற்குத் தரப்படும் விடை. ஒரு கட்டடம் தன் பழைய பொருளை விட்டுப் புதுப்பொருள் பெற முடியுமா? இதனை அறியக் கடல் கடந்து ஒரு நாட்டைக் காண்போம்.

கானா தரும் பாடம்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா 1957 மார்ச் 6இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. அதுவரை அதற்குத் தங்கக் கடற்கரை என்று பெயர். அதன் கொடியை அமைத்தவர் தியோடோசியா ஓக்கோ என்ற பெண்மணி. சிவப்பு, விடுதலைக்கு உயிர் ஈந்தோரின் குருதி. மஞ்சள், மண்ணில் விளையும் பொன். பச்சை, நாட்டின் காடுகள். நடுவிலுள்ள கறுப்பு விண்மீன் ஆப்பிரிக்க விடுதலைக்கு வழிகாட்டும் மீன். அந்நாட்டுக் கால்பந்து அணிக்குக் ‘கறுப்பு விண்மீன்கள்’ என்று பெயர் வந்ததும் இதனாலேயே. 1964இல் ஆளுங்கட்சிக் கொடியின் நிறத்துக்கு ஏற்ப மஞ்சளை நீக்கி வெள்ளையை வைத்தனர். 1966இல் அவ்வாட்சி வீழ்ந்ததும் மஞ்சள் மீண்டது. கட்சியின் நிறம் ஈராண்டு நின்றது. மக்களின் நிறம் இன்றும் நிற்கிறது.

அந்நாட்டின் அரசுச் சின்னத்தை ஆமோன் கோட்டே என்ற ஓவியர் வரைந்தார். கேடயம் ஒன்றில் நான்கு கட்டங்கள். ஒன்றில் குலத்தலைவர்களின் வாளும் கோலும், ஒன்றில் கோக்கோ மரம், ஒன்றில் பொற்சுரங்கம். எஞ்சிய கட்டத்தில் கடலோரக் கோட்டை. இக்கோட்டையே நாம் கருதத் தக்கது. ஓசு என்னுமிடத்தில் டேனிசுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அது, அடிமை வாணிகத்துக்குத் துணைபோன இடம். பின்னர் ஆங்கில ஆளுநர் அங்கு வாழ்ந்தனர். விடுதலைக்குப் பின் கானா மக்களின் அரசே அதில் அமர்ந்தது. துயரத்தின் சுவரைத் தன்னாட்சியின் அடையாளமாக அவர்கள் மாற்றிக்கொண்டனர். கட்டியவன் கருதியதே ஒரு கட்டடத்தின் முடிந்த பொருள் அன்று. பின்வரும் மக்கள் அதற்கு என்ன பொருள் தருகின்றனர் என்பதே பெரிது.

நம் கோபுரத்துக்கும் இது பொருந்தும். ஆனால் அப்பொருள் தானே வந்து சேராது. அம்முத்திரையிட்ட அலுவலகம் எச்சமயத்தார்க்கும் எச்சாதியார்க்கும் வாயிலை ஒன்றுபோலத் திறந்து வைக்கும்வரைதான் கோபுரம் பொதுச்சின்னம். ஒருவரை வெளியே நிறுத்தினால் அன்றே அது பொதுமை இழக்கும். கோயில் வாயில்கள் எல்லார்க்கும் திறக்கவே போராட வேண்டியிருந்த நாடு இது என்பதை வரலாறு படிப்போர் அறிவர்.

வேறுபட்டவற்றை ஓருருவில் சேர்ப்பது சங்கரன்கோவிலார்க்குப் புதிதன்று. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா எனச் சங்கனும் பதுமனும் வாதிட்டதாகவும், கோமதியம்மன் தவத்துக்கு இரங்கி இருவரும் பாதி பாதியாக ஒரே வடிவில் காட்சி தந்ததாகவும் நம் ஊர்த் தலபுராணம் சொல்கிறது. ஆடித்தபசு விழாவும் அதனையே நினைவூட்டுகிறது. வழக்கைத் தீர்த்து வைத்தது அங்கு ஒரு வடிவமே.

எழுத்தும் மாறியது

கோபுரம் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த எழுத்து மாறியது. வடமொழியில் இருந்த ‘சத்யமேவ ஜயதே’, அறிஞர் அண்ணா ஆட்சியில் ‘வாய்மையே வெல்லும்’ ஆயிற்று. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடச் சட்டமன்றம் 1967 சூலை 18இல் தீர்மானித்தது. 1969 சனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. கருத்து அதுவே, ஆயின் நாட்டுப்புறத்து முதியவர்க்கும் எழுத்துக் கூட்டிப் படித்ததும் பொருள் விளங்கிற்று.

மாநிலத்துக்குத் தனிக்கொடி வேண்டும் என்ற எண்ணமும் எழுந்ததுண்டு. 1970இல் முதலமைச்சர் மு. கருணாநிதி, நாட்டுக்கொடியையும் கோபுரச் சின்னத்தையும் சேர்த்த கொடி வடிவம் ஒன்றை வெளியிட்டார். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் விடுதலை நாளன்று மாநிலங்களில் கொடியேற்றும் உரிமை, அவர் வலியுறுத்தியதன் பயனாக, 1974 முதல் முதலமைச்சர்களுக்குக் கிடைத்தது. கொடியின் வடிவம் மட்டுமன்று, அதன் கயிற்றைப் பிடிக்கும் கை எது என்பதும் ஒரு குறியீடே.

முத்திரைக்கு வெளியேயும் நமக்குச் சின்னங்கள் உள்ளன. செங்காந்தள் மாநில மலர்; வரையாடு மாநில விலங்கு; மரகதப்புறா மாநிலப் பறவை. மாநில மரம் பனை. அன்று சேரன் சூடிய பூவைத் தந்த அம்மரம் நம் கரிசல் வரப்பிலும் நிற்கிறது. இன்று அது எந்த மன்னனுக்கும் உரியதன்று; நம் அனைவர்க்கும் உரியது.

நண்பர்களே! அடுத்த முறை அரசுச் சான்றிதழ் ஒன்று கைக்கு வரும்போது முத்திரையைச் சற்றே உற்று நோக்குங்கள். கோபுரம் நம் முன்னோர் திறத்தைச் சொல்லும். சிங்கமும் கொடியும் நாம் ஒரு பெருநாட்டின் மக்கள் என்பதைச் சொல்லும். கீழேயுள்ள இரு சொற்கள் மட்டும் நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை. நாம் செய்ய வேண்டியதைச் சொல்கின்றன. முத்திரையிட்ட ஒவ்வொரு தாளிலும் வாய்மை இருக்குமாறு பார்த்துக்கொள்வது, நாளை அரசுப் பணிக்குச் செல்லவிருக்கும் நம் போன்றோர் கடமையன்றோ?