காலியாகக் கிடப்பதே அதன் வேலை

தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் ரயிலேறி, கிழக்குக் குரோய்டனிலும் ரெட்ஹில்லிலும் மாறினால், டன்பிரிட்ஜ் போகும் பாதையில் லை என்றொரு சின்னக் கிராமம் வரும். கென்ட் பகுதி. அங்கே மெட்வே ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. நீளம் சுமார் 1.3 கிலோமீட்டர், உயரம் ஏறக்குறைய 5 மீட்டர். முழுக்க மண் கட்டு, மேலே புல், ஆறு போகும் இடத்தில் மட்டும் மூன்று இரும்புக் கதவுகள்.

அணை பார்க்கும் ஆசையில் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கட்டுக்கு மேற்புறம் நீர்ப்பரப்பு எதுவும் கிடையாது. புல்வெளியும் விளைநிலமுமாகக் கிடக்கும். கதவுகள் உயர்ந்து நிற்க, ஆறு தன் பாட்டில் கீழே ஓடிக்கொண்டிருக்கும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இதுதான் நிலை. பாசனத்துக்கோ குடிநீருக்கோ மின்சாரத்துக்கோ கட்டப்பட்ட அணை அல்ல இது. வெள்ளம் வரும் சில நாட்களுக்காக, மற்ற எல்லா நாட்களிலும் காலியாகக் காத்திருக்கும் அணை.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற வன்னிக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். நமக்கு நிரம்பிய குளம்தான் மங்களம். மாரியில் "குளம் வான் பாயுது" என்று ஊரிலிருந்து போன் வந்தால் லண்டனில் இருப்பவருக்கும் மனசு குளிரும். லை கிராமத்து அணையோ, நிரம்பினால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

1968-இல் விழுந்த மழை

1968 செப்டம்பர் நடுவில் தென்கிழக்கு இங்கிலாந்தில் பெருமழை கொட்டியது. தெற்கு லண்டனின் பல பகுதிகள், சர்ரே, கென்ட் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. டன்பிரிட்ஜ் நகரின் கடைத்தெரு ஆறாக ஓடியது. அதன் பிறகுதான் நகருக்கு மேலே தண்ணீரைப் பிடித்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்கென்றே 1976-இல் மெட்வே ஆற்று வெள்ள நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1980-களின் தொடக்கத்தில் அணை பயன்பாட்டுக்கு வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. டன்பிரிட்ஜ் வழியே ஆறு எவ்வளவு தண்ணீரைக் கரை புரளாமல் கொண்டு போகும் என்பது கணக்கிடப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் நீர் அந்த அளவைத் தாண்டும்போது கதவுகளை இறக்குவார்கள். நகரம் தாங்கும் அளவு மட்டும் கதவுக்கு அடியில் போகும். மிச்சம் பின்வாங்கி வயல்களில் நிற்கும். மழை ஓய்ந்த பிறகு மெல்லத் திறந்து, அடுத்த மழைக்குள் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். ஆக, இந்த அணை தண்ணீரைச் சேமிப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. அவ்வளவுதான்.

பிடித்து வைக்கக்கூடிய நீர் சுமார் 55 லட்சம் கன மீட்டர். இரணைமடுவின் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் டன்பிரிட்ஜுக்கு அந்தச் சில மணிநேரத் தாமதம்தான் உயிர்மூச்சு. அதற்கான விலையை மேலே இருக்கும் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் கொடுக்கிறது. அங்கே வீடு கட்டவில்லை, தொழிற்சாலை வைக்கவில்லை. வெள்ளத்துக்கென்று இடம் ஒதுக்குவதைத்தான் அணை கட்டுவதைவிடப் பெரிய முடிவாகச் சொல்லவேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. 2013 கிறிஸ்துமஸ் புயலில் டன்பிரிட்ஜிலும் அதற்குக் கீழே யால்டிங் கிராமத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. யால்டிங்கில் மெட்வேயோடு பியூல்ட், டீஸ் என்ற இரண்டு ஆறுகள் வந்து சேருகின்றன. அந்த ஆறுகளின் தண்ணீரை லை அணையால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு அணையின் கொள்ளளவைக் கூட்டும் திட்டம் வந்தது.

இன்னும் சிறியது, இன்னும் மலிவானது

வடக்கே யார்க்‌ஷரில் பிக்கரிங் என்ற சிறு நகரம். 1999, 2000, 2002, 2007 என்று அடுத்தடுத்து வெள்ளம் கண்ட ஊர். நகருக்குள் வெள்ளச் சுவர் எழுப்ப 2 கோடி பவுண்டு ஆகும் என்றார்கள். அந்த ஊரின் அளவுக்கு அது கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்டது.

பிறகு வேறு வழியில் யோசித்தார்கள். ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளைப் போட்டு, தண்ணீர் கசிந்து போகும்படி 160-க்கும் மேற்பட்ட சிறு தடுப்புகளை அமைத்தார்கள். சரிவுகளில் பல்லாயிரம் மரக்கன்றுகள் நட்டார்கள். நகருக்கு மேலே 1,20,000 கன மீட்டர் பிடிக்கும் ஒரு மண் அணையும் எழும்பியது. 2015 டிசம்பர் 26-ஆம் தேதி வட இங்கிலாந்தில் ஊர் ஊராக வெள்ளம் புகுந்தபோது பிக்கரிங் தப்பியது. வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது என்றும், அதில் ஏறக்குறையப் பாதி மண் அணையால் வந்தது என்றும் பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. மீதிப் பாதி மரக்கட்டைகளாலும் மேட்டுநில வேலைகளாலும் வந்தது. காடும் ஓடையும் சேர்ந்து உழைத்ததால்தான் ஒரு சிறிய கட்டு போதுமாக இருந்தது.

தோர்ண்டன் ஹீத்தில் ஏன் இப்படிப் பிடித்து வைக்க முடியாது?

64-ஆம் எண் பஸ் போய் நிற்கும் தோர்ண்டன் ஹீத் பாண்டில் இன்று குளம் இல்லை. 1950-களில் அதைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது அது ஒரு ரவுண்டானா. வட்டாரத்தின் நார்பரி ஓடை சில இடங்களில் நிலத்தடிக் குழாய்களிலும் சில இடங்களில் கான்கிரீட் வாய்க்காலிலும் ஓடுகிறது. பிறகு கிரேவ்னி என்ற பெயரில் டூட்டிங் பக்கம் போய் வாண்டில் ஆற்றில் கலக்கிறது. இரண்டு பக்கமும் வீட்டுத் தோட்டங்கள். கோடை இடிமழை ஒரு மணிநேரத்தில் கொட்டினால் அந்தத் தண்ணீருக்கு நிற்க ஓர் இடம் இல்லை. தார் ரோட்டில் ஓடி, அடித்தளத்து வீடுகளைத் தேடிப் போகும். முன்வாசல் தோட்டத்தைக் கார் நிறுத்தக் கல் பாவிய ஒவ்வொரு வீடும் இதற்குத் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. அதில் நம்மவர் வீடுகளும் உண்டு.

காலி அணையின் ஆபத்து

மண் அணைக்கு மூன்று எதிரிகள். ஒன்று, தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிவது. வழிந்தால் வெளிச்சரிவு அரிபட்டு, சில மணிநேரத்தில் கட்டே போய்விடும். அதனால்தான் மிகை நீர் வெளியேறும் வான் கட்டாயம். இரண்டு, உள்ளால் கசிவது. கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கல் நீர் வந்தால் கட்டின் மண்ணே வெளியேறுகிறது என்று பொருள், உடனே ஆளைக் கூப்பிடவேண்டும். மூன்று, மரவேரும் வளையும். செத்த வேர் மக்கினால் அந்த ஓட்டையில் தண்ணீர் வழி கண்டுகொள்ளும். வன்னியில் எலியும் நண்டும் கறையானும் செய்யும் வேலையை இங்கே முயலும் பேட்ஜரும் செய்கின்றன. பேட்ஜர் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. அதன் வளையை மூடக்கூட அனுமதி வாங்கவேண்டும். கட்டில் புல்லை ஒட்ட வெட்டி வைப்பது அழகுக்கு அல்ல. வளையும் வெடிப்பும் ஈரமும் கண்ணில் படவேண்டும் என்பதற்கு.

குளக்கட்டு தினமும் பரீட்சை எழுதுகிறது, வெள்ள அணைக்கோ வருடக்கணக்கில் விடுமுறை. குளக்கட்டில் கமக்காரர் நடக்கிறார், துருசு திறப்பவர் போகிறார், கசிவு இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். காலி அணையில் கோடையில் களிமண் வெடிக்கும், வாய்க்கதவின் கம்பிவலையில் கிளையும் வைக்கோலும் அடைக்கும். குறை தெரிவது தண்ணீர் ஏறும் அந்த ஒரே இரவில். ஷெஃபீல்டுக்கு மேலே டேல் டைக் என்ற புது மண் அணை 1864 மார்ச்சில் முதல் முறை நிரம்பும்போதே உடைந்து 240 பேருக்கு மேல் பலிகொண்டது. 1925-இல் வேல்ஸ் நாட்டு டோல்கராக்கில் 16 பேர் இறந்த பிறகுதான், 1930-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போதுள்ள 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கு அதிகம் பிடிக்கும் நீர்த்தேக்கம் பதிவாகவேண்டும். காலியாகக் கிடந்தாலும் விலக்கில்லை. உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டவற்றைப் பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது தனிப் பொறியாளர் வந்து சோதிக்கவேண்டும். அப்படியிருந்தும் 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலுள்ள டாட்புரூக் அணையின் வான் பகுதி பெயர்ந்து, சுமார் 1,500 பேர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

நமக்கும் பாடம் இல்லாமல் இல்லை. 1986 ஏப்ரல் 20-ஆம் தேதி விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் பெய்த மழைக்கு இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட, கீழே ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். கதவை முன்கூட்டியே திறந்திருக்கலாமே என்று கேள்வி எழுந்து, விசாரணை வரை போனது. சென்னையில் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இதே கேள்வி வந்தது. இரண்டிலும் சிக்கல் ஒன்றே. சிறுபோகத்துக்கோ குடிநீருக்கோ தண்ணீர் வேண்டியவர் மாரியிலேயே குளம் நிரம்பவேண்டும் என்பார், கீழே குடியிருப்பவர் இடம் காலியாக இருக்கவேண்டும் என்பார். இருவர் சொல்வதும் நியாயம். ஒரே குளத்தின் தலையில் இரண்டு வேலையையும் ஏற்றிவிட்டு, பழியைக் கதவு திறக்கும் அதிகாரி மேல் போடுவதுதான் அநியாயம்.

ஆகவே லண்டனில் இருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். குளம் தூர்வாரவும் கட்டை உயர்த்தவும் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. கூடவே, வெள்ளம் நிற்கக் கீழே காலி நிலம் இருக்கிறதா, வான் அடைபடாமல் இருக்கிறதா, வருடா வருடம் கட்டைப் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டு, அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். இங்கே உங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டை அரசின் வெள்ள அபாயத் தளத்தில் போட்டால், ஆறு, மழைநீர், நீர்த்தேக்கம் மூன்றின் அபாயமும் தெரியும். எச்சரிக்கைத் தகவலுக்கு 0345 988 1188 என்ற எண் இருக்கிறது. மழைக்கு முன்பே குறித்து வையுங்கள்.