ஏரியைப் பச்சையாக்கியது எந்தச் சத்து?

மழையில் நிரம்பிய ஏரி, கோடை நெருங்கும்போது பச்சைப்பசேலென்று மாறுவதை நம் விவசாயிகள் பலர் பார்த்திருப்பார்கள். தண்ணீரின் மேல் பாசி ஏடு படியும், நாற்றம் வீசும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். இதற்கும் நாம் வயலில் இடும் உரத்திற்கும் தொடர்பு உண்டா? ஏரியையே சோதனைக் கூடமாக்கி இதற்கு விடை கண்டிருக்கிறார்கள் கனடா நாட்டு விஞ்ஞானிகள்.

ஆராய்ச்சிக்கென்றே ஏரிகள்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ளது ஈரி ஏரி. 1960-களில் அது பாசியால் மிகவும் கெட்டுப்போயிற்று. சாக்கடை நீரிலும் சலவைத் தூளிலும் உள்ள பாஸ்பரஸ், அதாவது நம் மணிச்சத்துதான் காரணம் என்றனர் ஒரு சாரார். இல்லை, கரிமச்சத்துதான் காரணம் என்றனர் மறு சாரார். உண்மையை அறிய 1968-ல் ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்குக் காட்டுப் பகுதியில் சிறு ஏரிகள் ஆராய்ச்சிக்காக ஒதுக்கப்பட்டன. இன்று அவை 58.

1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 226-ம் எண் ஏரியை, அது குறுகும் இடத்தில் பிளாஸ்டிக் திரையிட்டு இரண்டாகத் தடுத்தனர். ஒரு பாதியில் தழைச்சத்தும் கரிமச்சத்தும் இட்டனர். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்து இட்டனர். மணிச்சத்து சேர்ந்த பாதி மட்டும் பச்சையாயிற்று. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படம் இதை எல்லோருக்கும் விளக்கிவிட்டது.

தழைச்சத்தை நிறுத்தியும் பாசி

227-ம் எண் ஏரிக்கு 1969 முதல் தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்டு வந்தனர். 1990-ல் தழைச்சத்தை அறவே நிறுத்தினர். ஆயினும் பாசி படிவது நிற்கவில்லை. காரணம் நம் நெல் விவசாயிகளுக்குத் தெரிந்ததே. நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே கிரகித்துக்கொள்ளும். அதனால்தான் அதை நெல் வயலுக்கு உயிர் உரமாக இடுகிறோம். வயலில் நன்மை செய்யும் அதே இனம், மணிச்சத்து மிகுந்த ஏரியில் அளவு மீறிப் பெருகுகிறது. பிறகு மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன.

ஊர் மக்களுக்குக் கிடைத்த பலன்

1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்து, ஏரிகளில் சேரும் மணிச்சத்தைக் குறைக்க முற்பட்டன. சலவைத் தூளுக்குக் கட்டுப்பாடு வந்தது. சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டது. ஈரி ஏரி தெளியத் தொடங்கியது. ஆனால் 1990-களில் பாசி திரும்பி வந்தது. இம்முறை முக்கிய காரணம், மௌமி ஆற்றின் வழியே விளைநிலங்களிலிருந்து அடித்துவரப்படும் உரமும் சாணமும். 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரின் குடிநீரில் பாசி நஞ்சு கலந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேர் இரண்டு மூன்று நாட்கள் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தனர். காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது.

இத்தகைய பயனுள்ள ஆராய்ச்சி நிலையத்தைக் கைவிடுவதாக 2012-ல் கனடா அரசு அறிவித்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2014 முதல் வின்னிபெக் நகரின் ஒரு நிறுவனம் அதை ஏற்று நடத்தி வருகிறது.

நாம் செய்ய வேண்டியவை

நம் ஏரிகளில் ஊர்ச் சாக்கடையும் கலக்கிறது. ஆகவே பழி முழுவதும் விவசாயி மேல் இல்லை. ஆனால் உரம் ஏரிக்குப் போனால் நம் காசும் அதோடு போகிறது. எனவே:

* மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு மட்டும் சூப்பர் பாஸ்பேட்டோ டி.ஏ.பி.யோ இடுங்கள்.

* நெல்லுக்கு மணிச்சத்தைக் கடைசி உழவில் அடியுரமாக இட்டு, மண்ணோடு நன்கு கலந்துவிடுங்கள்.

* மழை மூட்டமாக இருக்கும்போது உரம் இடாதீர்கள். உரமிட்ட கையோடு வடிகாலைத் திறக்காதீர்கள். வரப்பை உயர்த்திக் கட்டுங்கள்.

* எருக்குழியை ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ வைக்காதீர்கள். வாய்க்கால் ஓரப் புல்லைச் செதுக்கி எடுக்காமல் விட்டுவையுங்கள். அது மண்ணையும் உரத்தையும் தடுத்து நிறுத்தும்.

* பாசி ஏடு படிந்த நீரை ஆடு மாடுகளுக்குக் காட்டாதீர்கள். அவை இறக்கவும் நேரிடலாம்.

ஒரு கிலோ பாஸ்பரஸ் நீரில் சேர்ந்தால் சுமார் 500 கிலோ ஈரப் பாசி வளரக்கூடும் என்பது ஒரு கணக்கு. அந்த ஒரு கிலோ நம் பயிருக்கே சேரும்படி பார்த்துக்கொள்வோம்.