மாலத்தீவில் மாப்பிள்ளை பார்ட்டி! செலவைக் குறைக்கலாம்; ஆனால் தீவு மாறினால் சட்டம் மாறும்!

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் நண்பர்களும் ஒன்றுகூடி ஜாலியாக இருப்பது புதிய சங்கதி அல்ல. முன்பெல்லாம் மகாபலிபுரம், பாண்டிச்சேரியோடு முடிந்து விடும். இப்போது வாலிபர்கள் விமானம் ஏறுகிறார்கள். "மச்சான், மாலத்தீவு போலாம்டா" என்று ஒருவன் சொன்னால் போதும், அன்று ராத்திரியே கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறார்கள்.

மாலத்தீவு என்றால் சினிமா நட்சத்திரங்களும் கோடீசுவரர்களும் போகும் இடமாச்சே, நமக்குக் கட்டுப்படி ஆகுமா?

ஆகும். விவரம் தெரிந்து போனால் ஆகும். தெரியாமல் போனால் பர்சும் காலி, சில நேரம் மாப்பிள்ளையே போலீஸ் நிலையத்தில் உட்கார வேண்டி வரும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

இரண்டு வகைத் தீவு

இந்துமகா சமுத்திரத்தில் சுமார் 1,190 தீவுகள் சிதறிக் கிடக்கும் நாடு மாலத்தீவு. நம் வீட்டுக் குழம்பில் போடும் மாசிக் கருவாட்டுக்குப் பேர் போன இடம். இந்தத் தீவுகளில் மக்கள் குடியிருப்பது சுமார் 190-ல் மட்டும்தான். மற்றவற்றில் பலவற்றை ஓட்டல் முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு தீவுக்கு ஓர் உல்லாச விடுதி என்பது கணக்கு.

1972-ம் ஆண்டு 'குரும்பா' என்ற முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. பின்னர் நீண்ட காலத்துக்கு, ஊர் மக்கள் வசிக்கும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்க அனுமதி இல்லை. பணக்காரர்கள் விடுதித் தீவில் இறங்குவார்கள், அங்கிருந்தே திரும்பி விடுவார்கள்.

2009-ம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்கம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஊர்த் தீவுகளிலும் சிறிய தங்கும் விடுதிகள் முளைத்தன. நடுத்தர வர்க்கத்துக்கு மாலத்தீவின் கதவு திறந்தது அப்போதுதான்.

முதலில் சூடு பிடித்தது மாபூஷி என்ற தீவு.

ஜெயில் தீவு!

மாபூஷி, தலைநகர் மாலேயில் இருந்து சுமார் 27 கிலோ மீட்டர் தெற்கே இருக்கிறது. வாலிபர் கூட்டம் அதிகம் போகும் இந்த ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நாட்டின் முக்கியமான ஜெயில் இருப்பதும் இதே தீவில்தான்!

2003 செப்டம்பரில் இந்த ஜெயிலில் ஒரு வாலிபக் கைதி அடித்துக் கொல்லப்பட்டார். கொதித்து எழுந்த கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தலைநகரிலே கலவரம் வெடித்தது. நாட்டின் அரசியலையே திருப்பிப் போட்ட சம்பவம் அது.

அந்த ஜெயில் மதிலுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இன்று வெள்ளை மணலில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள் சுற்றுலாப் பயணிகள்.

பைசா கணக்கு

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். ஓட்டல்காரர் சொல்லும் வாடகை வேறு, கடைசியில் நீட்டும் பில் வேறு. இதை முதலில் புரிந்து கொள்ள வேண்டும்.

வாடகையின் மேல் சேவைக் கட்டணம் என்று வழக்கமாக 10 சதவீதம். அதன் மேல் சுற்றுலா விற்பனை வரி 17 சதவீதம். 2025 ஜூலை 1-ந் தேதியில் இருந்து இந்த விகிதம். ஆக 100 டாலர் அறைக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 129 டாலர்!

அதோடு விடாது. 'பசுமை வரி' என்று தலைக்கு, ராத்திரிக்கு ஒரு தொகை உண்டு. உல்லாச விடுதி என்றால் 12 டாலர். ஊர்த் தீவில் 50 அறைக்கு மேற்படாத விடுதி என்றால் 6 டாலர்.

எட்டுப் பேர் கோஷ்டி, இரண்டு பேருக்கு ஓர் அறை, மூன்று ராத்திரி என்று வைத்துக் கொள்ளுங்கள். உதாரணக் கணக்கு இது:

ஊர்த் தீவில் 60 டாலர் அறை. வரி எல்லாம் சேர்ந்தால் 77 டாலர். ஆளுக்குப் பாதி, அதோடு பசுமை வரி. மூன்று ராத்திரிக்கு ஆளுக்கு சுமார் 134 டாலர்.

உல்லாசத் தீவில் 500 டாலர் அறை. இதே போலக் கணக்குப் போட்டால் ஆளுக்கு சுமார் 1,000 டாலர்!

இரண்டு இடத்திலும் கடல் அதே நீலம்தான். வித்தியாசம் ஏழு மடங்குக்கு மேல்.

ஆகவே அறை பிடிக்கும்போது, "இது வரி உள்பட விலையா, வரி நீங்கலாகவா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்வது நல்லது.

சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். மாலத்தீவுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

தூரத்து விடுதிகளுக்குக் கடலில் இறங்கும் குட்டி விமானத்தில்தான் போக வேண்டும். போக வர ஆளுக்கு 400, 500 டாலர் என்று தீட்டி விடுவார்கள். அந்த விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் வந்து இறங்கினால் மாலேயில் ஒரு ராத்திரி தங்கும் தண்டச் செலவு வேறு. மலிவாக அறை கிடைத்ததே என்று தூரத்துத் தீவைப் பிடித்து, படகுக்கும் விமானத்துக்கும் அழுதவர்கள் உண்டு.

மாபூஷிக்கு அந்தத் தொல்லை இல்லை. விசைப்படகில் அரை மணி, முக்கால் மணி நேரம். சுமார் 25 டாலர். பொதுப் படகு என்றால் ஒன்றரை மணி நேரம், சில டாலரோடு முடிந்து விடும். ஆனால் அது நாளுக்கு ஓரிரு தடவைதான். வெள்ளிக்கிழமை வழக்கமாக ஓடாது. வெள்ளிக்கிழமை போய் இறங்கி விட்டு விழிக்காதீர்கள்.

நம் ஊரில் இருந்து போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் விமானம் பக்கம். ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. டிக்கெட் விலையையும் நாளையும் சென்னை, கொச்சி, பெங்களூரோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கலாம்.

விசா, விமான நிலையத்தில் இறங்கியதும் இலவசம். திரும்பி வரும் டிக்கெட், அறை பிடித்த ரசீது, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசாங்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. "படிவம் போட்டுத் தர்றேன், பணம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

சரக்கு எங்கே?

வாலிபர்கள் முதலில் கேட்கும் கேள்விக்கு வருவோம். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது.

மாலத்தீவு முஸ்லிம் நாடு. மக்கள் குடியிருக்கும் தீவுகளில் மது விற்பனை அடியோடு கிடையாது. பீர் கூட இல்லை. உல்லாச விடுதித் தீவுகளில் மட்டும் உண்டு.

அதாவது, எங்கே அறை மலிவோ அங்கே சரக்கு இல்லை. எங்கே சரக்கு உண்டோ அங்கே அறை மலிவு இல்லை!

"நாமே ரெண்டு பாட்டில் கொண்டு போயிடலாம்" என்று நினைத்தால் நடக்காது. விமான நிலையத்தில் பெட்டி எல்லாவற்றையும் எக்ஸ்-ரே கருவியில் விட்டுப் பார்க்கிறார்கள். வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலையும் சுங்க அதிகாரிகள் எடுத்து வைத்துக் கொண்டு ரசீது கொடுப்பார்கள். திரும்பும்போது வாங்கிக் கொள்ளலாம். ஒளித்து வைத்துப் பிடிபட்டால் கதை வேறு.

பன்றி இறைச்சி, ஆபாசப் படம், வழிபாட்டுக்கான விக்கிரகம் ஆகியவையும் தடைப் பட்டியலில் உள்ளன. புகையூதும் மின்சாரக் கருவி இருக்கிறதே, 'வேப்' என்பார்கள், அதையும் 2024-ம் ஆண்டு தடை செய்து விட்டார்கள். 2007 ஜனவரி 1-ந் தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் சிகரெட்டே தொடக்கூடாது என்று 2025 நவம்பரில் இருந்து சட்டம். சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும். மாப்பிள்ளையின் தம்பி கோஷ்டியில் இருந்தால் கவனம்!

மிதக்கும் பார்

அப்படியானால் வழியே இல்லையா? சட்டப்படியே இரண்டு வழி உண்டு.

ஒன்று, மாபூஷி கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பல் பார். தீவில் இருந்து சிறு படகில் கூட்டிப் போய், திரும்பக் கொண்டு வந்து விடுவார்கள். அங்கேயே குடித்து விட்டு வர வேண்டியதுதான். ஒரு சொட்டு கூடக் கரைக்குக் கொண்டு வரக்கூடாது.

இரண்டு, பக்கத்து உல்லாசத் தீவுக்கு ஒரு பகல் மட்டும் போய் வருவது. படகு, சாப்பாடு, நீச்சல் குளம், சில இடங்களில் மதுவும் சேர்த்து ஒரே கட்டணம். மூன்று ராத்திரி ஊர்த் தீவில் தங்கி, ஒரு பகல் மட்டும் ராஜபோகம் அனுபவித்தால் செலவு கையைக் கடிக்காது. விவரம் தெரிந்த கோஷ்டிகள் இதைத்தான் செய்கின்றன.

ஆனால் கப்பலில் ஏற்றிய போதையோடு கரைக்கு வந்து, தெருவில் கத்திக் கும்மாளம் போட்டால், பாதி ராத்திரியில் கதவைத் தட்டுவது போலீசாகத்தான் இருக்கும். கைது, அபராதம், நாட்டை விட்டு அனுப்புதல் எதுவும் நடக்கலாம். போலீஸ் எண் 119.

போதை மருந்து பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்டனை மிகக் கடுமையாக இருக்கும். விளையாட்டுக்குக் கூட யாருடைய பொட்டலத்தையும் பையில் வாங்கி வைக்கக்கூடாது. "டான்ஸ் ஆட அழகி ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்று எந்த ஏஜெண்டாவது காதைக் கடித்தால் ஓடி வந்து விடுங்கள். விபசாரம் அங்கே குற்றம்.

குளிக்கப் போகும்போது

ஊர்த் தீவில் நீச்சல் உடையோடு குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கி மறைப்பு கட்டி இருக்கிறார்கள். அதற்கு வெளியே தெருவில் சட்டை இல்லாமல் திரியக்கூடாது. அது மக்கள் குடித்தனம் நடத்தும் ஊர். ரம்ஜான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தின்னவும் குடிக்கவும் கூடாது. அந்த மாதத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி, வாடகை ஏற்றம். மே முதல் அக்டோபர் வரை மழை, வாடகை இறக்கம். மழைக் காலத்தில் போனால் மிச்சம்தான். ஆனால் காற்று அடித்தால் படகு நிற்கும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் திரும்பலாம் என்று திட்டம் போட்டு, அங்கேயே மாட்டிக் கொண்டால் மணமேடையில் யார் உட்காருவது?

குறைந்தது மூன்று வாரம் இடைவெளி வைத்துக் கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அந்த வெயிலில் ஒரு நாள் கிடந்தால் முகத்தோல் உரிந்து விடும். முகூர்த்தப் போட்டோவில் மாப்பிள்ளையை அடையாளம் தெரியாது!

எல்லாவற்றையும் விட முக்கியம் உயிர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் கடலில் பாறை இடுக்கு வழியாக நீரோட்டம் இழுக்கும். குடித்து விட்டுத் தண்ணீரில் இறங்கவே கூடாது. முகமூடி போட்டு மீன் பார்க்கப் போனாலும் ஜோடியாகப் போக வேண்டும், மிதவைச் சட்டை வேண்டும். ஆழத்தில் முத்துக் குளிப்பது போல் காற்று உருளையோடு இறங்கினால், அடுத்த 18 மணி நேரத்துக்காவது விமானம் ஏறக்கூடாது. ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கிளம்பி ஆளை முடக்கி விடும்.

சிறு தீவில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. தலைநகரில்தான் இருக்கிறது இந்திரா காந்தி நினைவு ஆஸ்பத்திரி. இந்தியா கட்டிக் கொடுத்தது அது. அங்கே போய்ச் சேரப் படகு வேண்டும், நேரம் வேண்டும், பணமும் வேண்டும். பயண இன்சூரன்சுக்கு நாலு காசு செலவழிப்பதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

யார் பணம்?

கடைசியாக ஒரு சங்கதி. எட்டு நண்பர்களில் எட்டுப் பேருக்கும் ஒரே சம்பளம் இருக்காது. ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பான். ஒருவன் மருந்துக் கடையில் இருப்பான். "எல்லாரும் வர்றாங்க, நான் மட்டும் வரலேன்னா நல்லா இருக்காது" என்று வட்டிக்கு வாங்கி வருகிறவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

ஆகவே முதலில் தீவைப் பார்க்காதீர்கள். கோஷ்டியிலேயே குறைந்த சம்பளக்காரனைத் தனியே கூப்பிட்டு, "உன்னால எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். அந்தத் தொகைதான் எட்டுப் பேருக்கும் தொகை. அதில் எத்தனை ராத்திரி வருமோ அத்தனை ராத்திரி. மாலத்தீவு வராது என்றால் மகாபலிபுரம். அங்கேயும் கடல் இருக்கிறது.

பார்ட்டி மூன்று நாளில் முடிந்து விடும். கடன் மூன்று வருஷம் இருக்கும். மாப்பிள்ளை கல்யாணம் ஆகிப் போய் விடுவான். வட்டி கட்டுவது நண்பன்தான்!